கினிகத்தேனை வழியே, ஒரு பழைய ஹெலியின் கதை கேட்டு

அவிசாவளையிலிருந்து வரும் ஏ7 வீதி கித்துல்கலை வரை களனி கங்கையை ஒட்டியே ஓடுகிறது. அதன்பின் ஆறு பள்ளத்தில் விலகிப்போக, வீதி மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. எட்டியாந்தோட்டைப் பக்கத்து றப்பர் மரங்கள் குறைந்து தேயிலை தலைகாட்டுவதும் இந்த ஏற்றத்தில்தான். ஏறி முடிகிற இடம் கினிகத்தேனை. ஹட்டனுக்குப் போகும் பாதையும் நாவலப்பிட்டிக்கு இறங்கும் பாதையும் பிரிகிற சந்தி. மரக்கறிக் கடைகள், பேக்கரிகள், அம்பகமுவ பிரதேச செயலகம், ஓயாத பஸ் ஹோர்ன். மலையகம் போகிறவர்கள் இங்கே இறங்கி ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு மறுபடி ஏறிக்கொள்வார்கள். நான் இந்த ஊருக்கென்றே வந்தேன்.

வரவழைத்தவர் ஒரு பெரியவர். விமானப்படையில் ஹெலிகொப்டர் பராமரிப்பில் நீண்ட காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பெயர் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். சிங்களவர், பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளோடு பந்தடித்து வளர்ந்ததால் தமிழ் தடையின்றி வருகிறது. வீட்டோடு ஒட்டிய சிறு கராஜில் இப்போது முச்சக்கர வண்டிகளையும் கொழுந்து ஏற்றும் லொறிகளையும் திருத்துகிறார்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையை அடித்துப்போட்டபோது, அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மண் சரிந்து வீதிகள் மூடின, மலையக ரயில் பாதை பல இடங்களில் சிதைந்தது. நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் எத்தனையோ தோட்டங்களுக்கு ஆகாய வழி ஒன்றுதான் மிஞ்சியது. அந்த நாட்களில் மலைகளுக்கு மேலே சுற்றிய ஹெலிகளில் பெல் 212 ஒன்று. பத்திரிகைகள் விமானிகளைப் பற்றி எழுதின, எழுத வேண்டியதுதான். ஆனால் அத்தனை வயதான ஒரு யந்திரத்தை அன்று காலை பறக்கும் நிலையில் வைத்திருந்தவர்கள் யார், எப்படி வைத்திருந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்கத்தான் வந்தேன்.

"பழசு, பழசு என்கிறார்கள் தம்பி," என்றார் பெரியவர், கையைத் துடைத்துக்கொண்டே. "அதில் பழசாக என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை."

பெல் 212 பிறந்தது 1960களின் இறுதியில். கனடா அரசின் ஆர்வத்தில் உருவானது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க, கனேடியப் படைகளுக்குப் போனது. 1998 வரை தொழிற்சாலையில் கட்டப்பட்டது. வியட்நாம் போரில் உலகம் பார்த்த ஒற்றை என்ஜின் 'ஹியூய்' ஹெலியின் அதே உடல்வாகு. அதன் தோளில் பிராட் அண்ட் விட்னி கனடா கொம்பனியின் இரட்டை டர்பைன் பிடி6டி ஏற்றப்பட்டது. விமானியோடு பதினைந்து பேர் அமரலாம். முழுச் சுமையோடு 5,080 கிலோ. மேலே சுழலும் இரண்டே இரண்டு தகடுகளின் நுனியிலிருந்து நுனிவரை 14.6 மீட்டர். அந்த இரண்டு தகடுகள்தான் தூரத்திலிருந்தே காற்றை அறைந்துகொண்டு வரும் அந்தச் சத்தத்தைக் கொடுப்பவை. அடுத்து வந்த பெல் 412க்கு நான்கு தகடுகள். அதன் குரல் வேறு.

இரண்டு என்ஜின் என்றதும் நமக்கு ஒரு நிம்மதி வருகிறது. ஒன்று நின்றால் மற்றது காப்பாற்றும். இதில் உண்மை இருக்கிறது. இரண்டு டர்பைன்களின் வலுவும் ஒரு கியர் பெட்டியில் வந்து சேர்கின்றன. ஒன்று நின்றுபோனால், ஒரு பக்கமாக மட்டும் பிடிக்கிற கிளச் அதை விடுவித்துவிடும். மற்றது தொடர்ந்து இழுக்கும். ஆனால் அந்தப் பெட்டிக்குப் பிறகு எல்லாமே ஒன்றுதான். ஒரு பிரதான கியர், ஒரு நடுத்தண்டு, தகடுகளைப் பிடிக்கும் ஒரு தலை, வால் விசிறிக்குப் போகும் ஒரு நீளத் தண்டு. பெரியவர் சொன்ன உவமை எனக்குப் பிடித்தது: "வண்டிக்கு இரண்டு மாடு பூட்டலாம். அச்சாணி கழன்றால் இரண்டு மாடும் என்ன செய்யும்?" இரட்டை என்ஜின் ஹெலியின் பராமரிப்பில் பாதிக்கு மேல் என்ஜினுக்கு வெளியே நடக்கும் வேலை என்பதை அன்றுதான் நான் சரியாக விளங்கிக்கொண்டேன்.

காரின் வயதை ஆண்டில் சொல்கிறோம். ஹெலியின் வயது அப்படி ஒற்றை எண்ணில் அடங்காது. உடல் 1980களில் கட்டியதாக இருக்கும். அதன் தகடுகள் வேறொரு தசாப்தத்தில் வந்தவை. கியர் பெட்டி போன ஆண்டு பிரித்துக் கோத்தது. சில ஆணிகள் நேற்று மாட்டியவை. முக்கியமான ஒவ்வொரு உறுப்புக்கும் ஓர் ஆயுள் விதித்திருக்கிறார்கள். இத்தனை மணி பறந்தால் கழற்று. சில உறுப்புகளுக்கு இத்தனை மணி அல்லது இத்தனை மாதம், எது முந்துகிறதோ அது. பார்க்கப் புதிதுபோல மின்னினாலும் மணி முடிந்தால் முடிந்ததுதான். உலோகம் களைத்துப்போவது கண்ணுக்குத் தெரியாது. தகட்டைத் தலையோடு பிடித்திருக்கும் பட்டையும் அதன் ஆணியும் ஒவ்வொரு சுற்றிலும் பல தொன் இழுவையைத் தாங்குகின்றன. வெளியே விரிசல் தெரியும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

அதனால்தான் பெரியவர் பேச்சில் அடிக்கடி வந்தது சாவியோ ஸ்பேனரோ அல்ல, காகிதம். உறுப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாற்று அட்டை உண்டு. எந்த ஹெலியில் எத்தனை மணி, எப்போது கழற்றியது, யார் சோதித்தது, யார் கையொப்பம். அட்டை தொலைந்தால் அந்த உறுப்பு இரும்புக் கடைக்குத்தான். எத்தனை ஆயிரம் டொலர் கொடுத்து வாங்கியிருந்தாலும் சரி. உலகச் சந்தையில் பழைய இராணுவ ஹெலிகளின் உறுப்புகள் மலிவாகக் கிடைக்கும். கூடவே பொய்க் காகிதங்களும் கிடைக்கும். பழைய ஹெலி வைத்திருப்பவருக்கு இதைவிடப் பெரிய ஆசையும் இல்லை, இதைவிடப் பெரிய ஆபத்தும் இல்லை.

புதியது என்பதும் காவல் இல்லை. 2021 ஜூனில் கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தில், காட்டுத்தீ அணைக்கும் பணிக்கு அமர்த்தப்பட்டிருந்த ஒரு பெல் 212இன் சுழல்தலை பறப்பில் கழன்று விமானி இறந்தார். உடைந்தது தலையில் தகட்டுப் பட்டையைப் பிடிக்கும் ஓர் ஆணி. அந்த ஆணி பறந்திருந்தது வெறும் 20 மணி நேரம். ஒரு குறிப்பிட்ட வரிசையில் செய்யப்பட்ட ஆணிகள் எல்லாவற்றையும் அடுத்த பறப்புக்கு முன்பே கழற்றும்படி கனேடிய, அமெரிக்க அதிகாரிகள் அவசர உத்தரவு போட்டார்கள். உலகின் எந்த மூலையில் ஒரு பெல் 212 வைத்திருந்தாலும் அன்று ஒருவர் ஏணி வைத்து ஏறி அந்த ஆணியின் இலக்கத்தைப் படித்திருக்க வேண்டும். ஏறினாரா, படித்தாரா என்பதில்தான் உயிர் இருக்கிறது.

அன்றாட வேலை இன்னும் நுணுக்கமானது. கியர் பெட்டியின் எண்ணெயில் ஒரு காந்த முளை இருக்கும். உள்ளே பல்லோ பேரிங்கோ தேயத் தொடங்கினால் இரும்புத் துகள் அதில் வந்து ஒட்டி, விமானியின் முன்னே எச்சரிக்கை விளக்கை ஏற்றும். கழற்றிப் பார்க்கிறவர் அந்தத் துகளைத் துணியில் தேய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். மாவுபோல இருந்தால் வழக்கமான தேய்மானம்; செதில்போல இருந்தால் ஹெலி எழும்பாது. கடலோரத்தில் பறந்துவிட்டு வந்தால் என்ஜினுக்குள் தண்ணீர் செலுத்திக் கழுவ வேண்டும், உப்பு டர்பைன் தகடுகளைத் தின்னும். மலைக்கு வந்தால் வேறு தொல்லை. ஈரம். வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டும் நாடு இது. மின்சார இணைப்புகளில் பாசிபோலப் பச்சை பிடிக்கும். பழைய ஹெலியில் காரணம் தெரியாமல் ஒரு விளக்கு எரிந்தால் முதலில் வயர்களைத்தான் பார்ப்போம் என்றார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே கராஜுக்கு வெளியே மூடுபனி இறங்கிவிட்டது. கினிகத்தேனையில் இது வழக்கம். பிற்பகலில் பள்ளத்திலிருந்து வெள்ளையாக ஏறி வரும்; சற்று நேரத்தில் எதிர்ப்பக்கக் கடைப்பலகை மறையும். பெரியவர் பேச்சை நிறுத்தி அதைப் பார்த்தார். "எங்கள் கையில் இருப்பதை எல்லாம் சரியாகச் செய்து கொடுப்போம். இது எங்கள் கையில் இல்லை."

2024 மே 19 அன்று ஈரானின் வடமேற்கு மலைகளில் அந்நாட்டு ஜனாதிபதி இப்ராஹிம் ரைசியும் வெளிவிவகார அமைச்சரும் பயணித்தபோது விழுந்து நொறுங்கி அவர்களைப் பலிகொண்ட ஹெலியும் ஒரு பெல் 212தான். பொருளாதாரத் தடைகளால் அந்நாட்டுக்கு உதிரிப்பாகம் கிடைப்பது கஷ்டம் என்பதால் யந்திரத்தின் மேல்தான் எல்லாரும் முதலில் சந்தேகப்பட்டார்கள். இறுதி அறிக்கையோ திடீரென எழுந்த அடர்ந்த பனிமூட்டத்தைக் காரணம் சொன்னது. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நீலகிரி மறக்காது. 2021 டிசம்பர் 8, குன்னூருக்குப் பக்கத்தில் நஞ்சப்பச் சத்திரம். இந்திய முப்படைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர் இறந்த அந்த மி-17வி5 பழைய ஹெலியே அல்ல. எதிர்பாராத வானிலை மாற்றத்தில் மேகத்துக்குள் புகுந்து திசை தடுமாறியது என்றது விசாரணை. யந்திரக் கோளாறு இல்லை என்றும் சொன்னது. தண்ணீரும் போர்வையும் தூக்கிக்கொண்டு முதலில் ஓடியவர்கள் அந்த ஊர் மக்கள். தேயிலை மலைகள் எங்கும் ஒன்றுபோலத்தான்: செங்குத்துச் சரிவு, குறுகிய பள்ளத்தாக்கு, நிமிடத்தில் மூடும் மேகம்.

நம் நாட்டில் 2025 ஒன்றிலேயே விமானப்படை இரண்டு பெல் 212களை இழந்தது. மே 9 அன்று மாதுறு ஓயா நீர்த்தேக்கத்தில் ஒன்று விழுந்து, இராணுவ விசேட படையினர் நால்வரும் விமானப்படையினர் இருவரும் இறந்தார்கள். நவம்பர் 30 அன்று, டித்வா நிவாரணப் பணியின் நடுவே, லுணுவில பகுதியில் இன்னொன்று. விமானி விங் கமாண்டர் நிர்மால் சியம்பலாபிட்டிய உயிரிழந்தார். இவற்றின் காரணங்களைப் பற்றி நானும் கேட்கவில்லை, பெரியவரும் பேசவில்லை. மாதுறு ஓயாவில் போனவர்களைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் மாறியது. ஒரு ஹெலி விழுந்தால் அதைப் பார்த்துக்கொண்ட ஒவ்வொருவரும் தாங்கள் கடைசியாக இறுக்கிய ஆணியை இரவு முழுக்க நினைத்துக்கொண்டிருப்பார்கள் என்றார்.

பிறகு அவர் கேட்டார். "தம்பி எந்தப் பக்கம்?"

வடமராட்சி என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. 1980களில் அரசாங்கம் இந்த ஹெலிகளை வாங்கியது தோட்டங்களுக்கு அரிசி போட அல்ல. பக்கவாட்டில் இயந்திரத் துப்பாக்கி பூட்டி, ரொக்கெட் குழாய் தொங்கவிட்டு வடக்கே அனுப்பினார்கள். 1987 மே மாத இறுதியில் வடமராட்சி மீது இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது எங்கள் வீடுகளுக்கு மேல் சுற்றியது அந்த இரண்டு தகட்டுச் சத்தம்தான். "ஹெலி வருது" என்ற ஒரு வார்த்தைக்கு முழு ஒழுங்கையும் பங்கருக்குள் இறங்கும். அந்தச் சத்தத்தை இன்றைக்கும் உடம்பு அடையாளம் கண்டுகொள்ளும். அதே சத்தத்தைக் கேட்டு மலையகத்துப் பிள்ளைகள் லயத்து வாசலில் கைகாட்டிக் குதித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்குள் இரண்டு உணர்ச்சிகள் ஒன்றையொன்று விலக்காமல் நின்றன. இரண்டும் உண்மை. ஒன்றுக்காக மற்றதை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

பெரியவர் வெகுநேரம் யோசித்துச் சொன்னார்: "பூட்டிக் கொடுத்தது நாங்கள்தான். எங்கே போய் என்ன செய்தது என்று அன்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்." அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் மனைவி கொண்டு வந்து வைத்த தேநீரைக் குடித்தோம்.

பணத்தைப் பற்றியும் பேசினோம். பெல் 212 மணிக்குச் சுமார் 380 லீட்டர் எரிபொருள் குடிக்கும் ஹெலி. அது சிறிய செலவு. உண்மையான செலவு பறக்காதபோதுதான்: ஆயுள் முடிந்த உறுப்புக்கு மாற்று, கியர் பெட்டியை வெளிநாட்டுக்கு அனுப்பிப் பிரித்துக் கோத்தல், கருவிகளைத் தரம் பார்த்தல், ஆட்களைப் பயிற்றுதல். அத்தனையும் டொலரில். 2022 ஏப்ரலில் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த நாட்டில் டொலர் எங்கே முதலில் போக வேண்டும் என்ற கேள்வி வந்தால் மருந்தும் எரிவாயுவும்தான் முன்னால் நிற்கும், நிற்கவும் வேண்டும். ஆனால் உதிரிப்பாகம் இன்று வாங்காவிட்டால் ஹெலி இன்று விழாது. ஒவ்வொன்றாக நிலத்தில் நிற்கத் தொடங்கும். நிற்கிற ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றுக்குப் பூட்டுவார்கள். கணக்கில் ஹெலிகள் இருக்கும். புயல் வரும் காலையில் எழும்பக்கூடியவை எத்தனை என்பது வேறு எண்ணிக்கை. வரவுசெலவுத்திட்ட விவாதத்தில் எத்தனை வாங்கினோம் என்று பேசுகிறார்கள். எழும்பக்கூடியவை எத்தனை என்று எங்கள் மலையகப் பிரதிநிதிகளாவது எழுந்து கேட்க வேண்டும். லயங்களில் இருப்பவர்களுக்கு ஆபத்தில் வரக்கூடிய ஒரே ஆகாய வாகனம் அரசுடையதுதான். அவர்களும் அதன் சொந்தக்காரர்கள்.

புயலுக்குப் பிறகு, 2025 டிசம்பரில், அமெரிக்கா தன் கடற்படைப் பயிற்சியில் ஓட்டிய பத்து டிஎச்-57 ஹெலிகளைத் தர முன்வந்ததாக அறிவிப்பு வந்தது. பெல் 206 வகை, ஒற்றை என்ஜின், சிறியவை. பெரியவருக்கு அதில் மகிழ்ச்சி. நல்ல யந்திரம், நம் ஆட்களுக்குப் பழகிய குடும்பம் என்றார். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் வந்திறங்கும் நாளில் படம் எடுப்பவர்கள், மூன்றாவது ஆண்டில் உதிரிப்பாகத்துக்கு யார் கையொப்பம் போடப்போகிறார்கள் என்பதையும் அன்றே கேட்டு எழுத வேண்டும். இனாமாக வந்த ஹெலியும் முதல் மாதத்திலிருந்தே பணம் கேட்கும்.

மறுநாள் காலை நோட்டன் பிரிட்ஜ் பக்கம் போனேன். கெசல்கமு ஓயா 98 மீட்டர் விழும் அபர்டீன் நீர்வீழ்ச்சி இந்த வழியில்தான். மழைக்குப் பிறகு தண்ணீர் செம்மண் நிறத்தில் கொட்டியது. பள்ளத்தாக்குக்குக் குறுக்கே உயரத்தில் மின்கம்பிகள். டி. ஜே. விமலசுரேந்திரவின் கனவாகத் தொடங்கிய லக்சபான நீர்மின் திட்டம், 1950 முதல் நாட்டுக்கு வெளிச்சம் அனுப்பும் மலை இது. அந்தக் கம்பிகளே ஹெலி விமானிக்குப் பெரிய எதிரி. தூண் தெரியும், கம்பி தெரியாது. சில ஹெலிகளின் நெற்றியிலும் வயிற்றிலும் கத்திபோன்ற கம்பி வெட்டிகள் பூட்டியிருப்பது இதற்காகத்தான்.

மேலே சப்த கன்னியர் மலை. 1974 டிசம்பர் 4 இரவு, ஹஜ் யாத்திரிகர்களோடு சுராபாயாவிலிருந்து கொழும்பு நோக்கி வந்த மார்ட்டின்எயர் டிசி-8 விமானம் அந்த மலையில் மோதி 191 பேரும் இறந்தார்கள். நோட்டன் பிரிட்ஜில் நினைவுச் சின்னம் இருக்கிறது. தாங்கள் எங்கே பறக்கிறோம் என்று விமானிகள் தவறாகக் கணித்துவிட்டார்கள். இந்த மலைகளுக்கு மேலே பறக்கும் எவருக்கும் பெரியவரின் கராஜில் கேட்ட எல்லாமும் தேவை, அதற்கு மேலும் தேவை.

அங்கிருந்து ஹட்டன் போய், ஊருக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் இறங்கினேன். டித்வா நாட்களில் அங்கேயுள்ள பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு ஹெலி நிவாரணப் பொருள் இறக்கியிருக்கிறது. மைதானம் என்றால் சின்னது; ஒரு பக்கம் லயம், மறுபக்கம் தேயிலைச் சரிவு, ஓரத்தில் ஒரு மின்கம்பம். கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்ற அக்கா ஒருவர் சொன்னார்: "ஹெலி எறங்கும்போது லயத்துத் தகரம் ரெண்டு பிச்சிக்கிட்டுப் பறந்துருச்சுங்க. கல்லு வச்சிருந்தும் நிக்கல. அரிசி வந்துச்சு, கூரை போயிருச்சு. ஆனா வந்துச்சே, அதச் சொல்லணும்."

ஐயாயிரம் கிலோவை ஆகாயத்தில் நிறுத்த அந்த எடைக்குச் சமமான விசையோடு காற்றைக் கீழே தள்ள வேண்டும்; லயத்துப் பழைய தகரம் அதற்கு முன் நிற்காது. மைதானத்தில் நின்ற இளைஞர்கள் இதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே விளங்கிக்கொண்டிருந்தார்கள். அடுத்த முறை இறக்குவதற்குக் கோயிலுக்குக் கீழே, லயத்திலிருந்து தள்ளி உள்ள பழைய நாற்று மேட்டைச் சமன்படுத்தியிருக்கிறார்கள். கம்பி இல்லாத இடம். காற்றுத் திசை காட்ட ஒரு மூங்கிலில் பழைய சேலைத் துண்டு கட்டியிருக்கிறார்கள். அந்த இடத்தின் அளவையும், பக்கத்து மின்கம்பம் எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்பதையும் எழுதி, பிரதேச செயலகத்துக்கும் விமானப்படைக்கும் கடிதம் போட வேண்டும், எழுதித் தருவீர்களா அண்ணே என்று கேட்டார்கள். தேயிலைச் செடிகளின் நடுவே நாடா பிடித்து அளந்தோம். கடிதத்தை அங்கேயே இரண்டு மொழியிலும் எழுதிக் கொடுத்தேன்.